எத்தனை நாளாக? எது நின்றுபோனது? மனத்துக்கு மருத்துவர் தேவைப்படும் நேரம்

"இவனை விட்டா தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று வேடிக்கையாகச் சொல்லாத தமிழ் வீடு இந்நாட்டில் குறைவு. பிள்ளை புத்தகப் பையை மறந்து பள்ளிக்குப் போனாலும் அதே பேச்சு. அப்பா கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினாலும் அதே பேச்சு. ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று பெயர். பெயர் மாறியும் பயம் மாறவில்லை. மனத்துக்கு வைத்தியம் என்றதும் நம்மில் பலருடைய கண்முன் வருவது அந்த மருத்துவமனையின் மதில்தான்.

விளைவு என்னவென்றால், நிலைமை கைமீறும்வரை யாரும் மருத்துவரைப் பார்ப்பதில்லை. ஆனால் மனநல உதவிக்கு முதல் வாசல் தஞ்சோங் ரம்புத்தான் அன்று. ஜோகூர்பாருவின் பெர்மாய் மருத்துவமனையும் அன்று. இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நம் அம்மா அப்பா மாதாமாதம் மருந்து வாங்கும் அதே அரசாங்க சுகாதார கிளினிக்தான். அந்த வாசலோடு குணமாகித் திரும்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த வாசலுக்கு எப்போது போவது என்பதுதான் பலருக்கும் தெரியாமல் இருக்கிறது.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019இல் இதே அளவு 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கு ஆண்டுகளில் இரட்டிப்பு. 2022இல் இடைநிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இவர்கள் எல்லாரும் எங்கோ தூரத்தில் இருப்பவர்கள் அல்லர். நம் தாமானிலும் தோட்டத்திலும் நாம் தினமும் பார்த்துப் பேசுபவர்கள்தாம்.

ஒரு சொல் படுத்தும் பாடு

இங்கே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைப் பளுவால் வரும் களைப்பையும் நாம் "மன அழுத்தம்" என்கிறோம், மாதக்கணக்கில் ஒருவரைப் படுக்கையில் கிடத்தும் நோயையும் "மன அழுத்தம்" என்றே சொல்கிறோம். வானொலியிலும் இப்படித்தான், சில சமயம் பத்திரிகைகளில் நாங்களும் இப்படித்தான். இரண்டும் வேறு. முதலாவது, கடன் கட்டி முடிந்ததும், தேர்வு முடிந்ததும், மேலாளர் மாற்றலாகிப் போனதும் குறைந்துவிடும். இரண்டாவதைத்தான் மனச்சோர்வு என்று சொல்ல வேண்டும். மலாயில் கெமுருங்கான். அது காரணம் தீர்ந்தாலும் போகாது. சில நேரம் காரணமே இல்லாமலும் வரும். "உனக்கென்ன குறைச்சல், வீடு இருக்கு, வேலை இருக்கு, எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கே?" என்ற கேள்விக்கு நோயாளியிடம் பதில் இல்லாததற்கு அதுதான் காரணம்.

சொல் ஒன்றாக இருப்பதால், "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று சொல்லித் தள்ளிவிடுவது நமக்கு எளிதாகிவிடுகிறது.

இரண்டு கேள்விகள்

சோகம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. கணவரை இழந்த ஒரு பெண்ணின் அழுகை மலையளவு இருக்கும். அது நோயாக இருக்க வேண்டும் என்பதில்லை. சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு நோய் முற்றியிருக்கலாம். அதனால் அளவை விட்டுவிட்டு, வேறு இரண்டைக் கேட்க வேண்டும். எத்தனை நாளாக? எது நின்றுபோனது?

முதல் கேள்விக்கு மருத்துவம் வைத்திருக்கும் கணக்கு இரண்டு வாரம். நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், மனம் கனத்துக் கிடப்பதோ, முன்பு பிடித்திருந்தவற்றில் நாட்டம் அற்றுப்போவதோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதோடு தூக்கம், பசி, கவனம், உடல்தெம்பு ஆகியவையும் மாறியிருந்தால், கிளினிக்குக்குப் போகலாம். இரண்டு வாரம் என்பது நோய் உறுதி என்பதற்கான முத்திரை அன்று. மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

இரண்டாவது கேள்வியை வீட்டில் இருப்பவர்கள்தாம் நன்றாகக் கேட்க முடியும். விடியற்காலையில் எழுந்து வாசலில் கோலம் போட்ட அம்மா இப்போது போடுவதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர் "நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாமாக் கடையில் நண்பர்களோடு பந்தாட்டம் பார்த்தவன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். குளிப்பது இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆகிறது. வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்பி எல்லாரையும் சலிப்படைய வைத்த சித்தப்பா திடீரென்று மௌனமாகிறார். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் மனச்சோர்வு முதலில் எடுத்துக்கொண்டு போவது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களைத்தான். வேலைக்குப் போவதும் சமைப்பதும் நிற்பது பிறகுதான் வரும், ஏனென்றால் அவற்றைக் கடமைக்காக இழுத்துக்கொண்டு போக முடியும்.

துக்க வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரணத்துக்குப் பின் வரும் துயரம் அலைபோல வரும், போகும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு ஒரு பெரிய அலை வரும், முதல் தீபாவளிக்கு இன்னொன்று வரும். நடுவில் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவும் முடிந்தால் அது இயல்பான துயரம். சிரிப்பே திரும்பாமல் மாதங்கள் ஓடினால், அல்லது "நானும் அவரோடவே போயிருக்கணும்" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால், நாள் கணக்குப் பார்க்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

உடம்பு பேசும் மொழி

நம் ஆட்கள் "மனசு சரியில்லை" என்று மருத்துவரிடம் போய்ச் சொல்வது அரிது. தலைவலி என்பார்கள். நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல், கை கால் குடைச்சல், உடம்புச் சூடு, வாயு என்பார்கள். பொய் சொல்லவில்லை. வலி உண்மையாகவே இருக்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் தூக்கத்தையும் குடலையும் தசைகளையும் பாதிக்கும். உடம்பில் இறங்கித்தான் பலருக்கு வெளியே தெரியும். உள்ளத்தில் தோன்றுவது உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு ஓர் இயலே ஒதுக்கிப் பேசுகிறது. இது நமக்குப் புதிய செய்தி அன்று.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரே ஆள் ஆறு மாதத்தில் நான்கு தனியார் கிளினிக்குக்குப் போய், நான்கு இடத்திலும் வலி மாத்திரையும் இரைப்பை மருந்தும் வாங்கி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டு வீடு திரும்புகிறார். யாரும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் வலி போகவில்லை என்ற நிலை வந்துவிட்டால், அடுத்த முறை மருத்துவரிடம் தூக்கத்தையும் மனநிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதற்றத் தாக்கு என்று ஒன்று இருக்கிறது. திடீரென்று இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணியும். முதல் முறை வரும்போது அது மாரடைப்பா பதற்றமா என்று வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அதே தாக்கு மறுபடி மறுபடி வந்தால், அல்லது வந்துவிடுமோ என்ற பயத்தில் பேருந்து ஏறுவதையும் பேரங்காடிக்குப் போவதையும் தவிர்க்க ஆரம்பித்தால், அது மனநல உதவிக்கு உரிய நேரம். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

கோயிலும் கிளினிக்கும்

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. மகள் உண்ணாமல் உறங்காமல் மெலிகிறாள். தாய் பதறுகிறாள், முருகன்தான் அணங்கினான் என்று நினைத்து வேலனை அழைத்து ஆட வைக்கிறாள். மகளின் காதல்தான் காரணம் என்று தோழிக்கு மட்டும் தெரியும். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்காகப் படித்தேன். செய்தியாளராக வந்த பிறகுதான், வீட்டில் ஒருவர் மெலிந்தால் நாம் முதலில் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பது அந்தக் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை என்று தோன்றியது. அந்தத் தாய் மகள்மேல் அன்பில்லாதவள் அல்லள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. ஆனால் மகளிடம் உட்கார்ந்து கேட்டவள் தோழி.

கண்ணு பட்டுவிட்டது, செய்வினை, காற்று அண்டிவிட்டது என்று மந்திரிக்கப் போகிறவர்களைக் கேலி செய்வதால் ஒரு பயனும் இல்லை. கேலி செய்தால் அடுத்த முறை நம்மிடம் சொல்லாமல் போவார்கள். விபூதி பூசட்டும், அர்ச்சனை செய்யட்டும், கையில் கயிறு கட்டட்டும். கோயிலுக்குப் போவதால் சிலருக்கு உண்மையாகவே மனம் ஆறுகிறது. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடமும், அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது என்று இறங்குகிறவரிடமும், ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கிறவரிடமும் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது.

ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. பதினேழு, இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளை தூங்குவதில்லை, தனியாகப் பேசிச் சிரிக்கிறான், யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்கிறான், இல்லாத குரல் கேட்கிறது என்கிறான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறான். இவை உளப்பிறழ்வின் அறிகுறிகளாக இருக்கலாம். போதைப்பொருளாலும் வரலாம், மூளைக் காய்ச்சலாலும் வரலாம். எதுவாக இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இங்கே இரண்டு வாரக் கணக்கு கிடையாது. சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்கு மீண்டு வருவது கடினமாகும் என்பது மருத்துவ உலகம் உறுதியாக அறிந்த ஒன்று.

குடி என்னும் திரை

ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக வரும், வாயைத் திறந்தால் சண்டையாக வரும், வேலைக்கு மட்டம் போடுவதாக வரும், சம்சுவாகவோ பீராகவோ வரும். "குடிகாரன்" என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை நமக்கு இல்லாமல் போகிறது. தூக்கம் வரவில்லை என்று குடிக்கத் தொடங்கியவர் பலர் இருக்கிறார்கள். மது முதல் ஒரு மணி நேரத்துக்குத் தூக்கம் தரும்; பின்னிரவில் எழுப்பிவிடும்; மறுநாள் மனநிலையை இன்னும் கீழே தள்ளும்.

ஒருவர் முன்பு நண்பர்களோடு விசேஷ நாளில் குடித்து, இப்போது தனியாகத் தினமும் குடிக்கிறார் என்றால், என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டிய நேரம் அது. இன்னொன்று: பல காலமாகத் தினமும் நிறையக் குடிப்பவரைச் சபரிமலை மாலை போட்டோ சத்தியம் வாங்கியோ ஒரே நாளில் நிறுத்த வைப்பது ஆபத்தாக முடியலாம். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது ஆகியவை ஓரிரு நாளில் வரலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம். நிறுத்துவது நல்ல முடிவுதான். அதை மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், "நான் நல்ல அம்மா இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பத்தியச் சாப்பாட்டைக் கூட்டுவதால் சரியாகாது. தாய் சேய் நலத் தாதி வீட்டுக்கு வரும்போது அவரிடமே சொல்லலாம். மாமியார் பக்கத்தில் இருந்தால் அந்தப் பெண்ணால் பேச முடியாது என்பதையும் கவனித்து, கொஞ்ச நேரம் தனியாக விட வேண்டும். முதியவர்களிடம் மனச்சோர்வு மறதி போலத் தோன்றும். "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவதற்கு முன் ஒரு முறை பரிசோதித்துவிடுவது நல்லது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, கட்டுப்படாத நீரிழிவு ஆகியவையும் இதே களைப்பையும் சோர்வையும் தரும். முதலில் பொது மருத்துவரைப் பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதவு சாத்தியிருந்தால் யாருக்குத் தெரியும்?

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டின் கதவு காலை ஏழு மணிக்குத் திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்துவிடும். பெரட்டுக்கு வராதவரை மண்டோர் தேடுவார். ஒருவர் மூன்று நாள் பேசாமல் இருந்தால் லயமே பேசும். அதில் தொல்லையும் உண்டு, மறுக்கவில்லை. யார் வீட்டு இரகசியமும் அங்கே இரகசியமாக இருந்ததில்லை. ஆனால் ஒருவர் மெல்ல ஒடிந்து போவதை யாராவது பார்த்துவிடுவார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாக மாறி, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபோது அந்தக் கண்கள் வரவில்லை. பதினோராவது மாடியில் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒருவர் பத்து நாள் படுத்திருந்தாலும் எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கும் அக்கம்பக்கம் குறைந்துவிட்டது. ஆகவே மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்கும் வேலை இப்போது வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர்மேல் விழுகிறது. தனியாக வாழ்பவர் என்றால் அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மைக்கார்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்ப் பதிவு செய்ய வேண்டும். முகப்பில் எல்லார் முன்னிலையிலும் மனப்பிரச்சினை என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், தூக்கமின்மை என்று சொன்னால் போதும். மருத்துவர் அறைக்குள் போன பிறகு முழுதாகச் சொல்லலாம்.

மொழி பலருக்குத் தடையாக இருக்கிறது. தமிழ் பேசும் மருத்துவர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சில மலாய் வாக்கியங்களைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். தூக்கம் வருவதில்லை என்பதற்கு "சாயா சூசா தீடோர்". எதிலும் நாட்டமில்லை என்பதற்கு "தாக் அடா மினாட் நாக் புவாட் அப்பா-அப்பா". நாள் முழுக்க மனம் கனக்கிறது என்பதற்கு "ராசா செடிஹ் செப்பாஞ்சாங் ஹாரி". இரண்டு வாரத்துக்கு மேலாகிறது என்பதற்கு "சூடா லெபிஹ் டுவா மிங்கு". மனநலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நேராகக் கேட்கவும் செய்யலாம்: "சாயா நாக் புவாட் சாரிங்கான் கெசிஹாத்தான் மெந்தால்". ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் சரி. பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துப் போவதைக் கூடுமானவரை தவிர்ப்பது நல்லது. அம்மா வாழப் பிடிக்கவில்லை என்று சொல்வதைப் பதின்மூன்று வயது மகள் மலாயில் திருப்பிச் சொல்ல வேண்டிய நிலை இருவருக்கும் கொடுமை. பல அம்மாக்கள் அதைச் சொல்லாமலே வந்துவிடுவார்கள்.

மருத்துவர் ஒரு வினாத்தாள் கொடுப்பார். கடந்த சில நாள்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, பயம் எப்படி என்று கேட்கும். அதில் தேறுவது தோற்பது கிடையாது. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். லேசான நிலை என்றால் ஆலோசனையும் தூக்க ஒழுங்கும் மறுபடி வரும் தேதியும் தருவார். தேவைப்பட்டால் அங்கேயே மருந்து தொடங்குவார். அதற்கும் மேல் என்றால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருவார். அங்கே மறுபரிசோதனைக்குக் கட்டணம் 5 வெள்ளி. சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள் என்று பல மாநிலங்களில் இருக்கின்றன. கடைவரிசையிலோ குடியிருப்புப் பகுதியிலோ இருக்கும் இந்த மையங்கள், சிகிச்சையோடு, வேலைக்குத் திரும்பவும் உதவுகின்றன.

மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர் மூவரும் ஒன்றல்லர். மருந்து எழுதித் தர முடிந்தவர் மருத்துவர் மட்டும். ஆலோசகர் என்று போட்டுக்கொள்ள 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். முகநூலில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை வெள்ளி என்று விளம்பரம் செய்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அங்கே போவது கட்டொழுங்கு நடவடிக்கை அன்று என்பதைப் பிள்ளைக்கும், சில பெற்றோருக்கும், சொல்ல வேண்டியிருக்கிறது.

நாள் சம்பளக்காரர்களுக்கு லீவு பெரிய கவலை. மருத்துவர் தரும் எம்.சி. எந்த நோய்க்கும் எம்.சி.தான். வேலைச் சட்டம் 1955இன்படி சேவைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மனநலத்துக்குப் போனதால் அது செல்லாது என்று எந்தக் கிராணியும் சொல்ல முடியாது.

மருந்தைப் பற்றி ஒரு பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது: ஒரு முறை தொட்டால் ஆயுளுக்கும் விட முடியாது, பைத்தியமாக்கிவிடும் என்று. மனச்சோர்வுக்கு இன்று வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகள் போதைப்பொருள் அல்ல. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சில நேரம் ஆறு வாரமும் ஆகும். ஆனால் குமட்டல், தலைசுற்றல் போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மருந்தை விடுவது இந்த இடைவெளியில்தான். பலன் தெரிவதற்கு முன் தொந்தரவு தெரிகிறது, "இது எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறார்கள். தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் போய்ச் சொல்லலாம், மருந்தை மாற்றித் தருவார். குணமான பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பார்.

உடனே செயல்பட வேண்டிய நேரம்

சாக வேண்டும் என்ற பேச்சை "மிரட்டுறான்" என்று யாரும் தள்ளக்கூடாது. தனக்குப் பிடித்த பொருள்களை ஒவ்வொருவருக்கும் கொடுப்பது, கடன்களைத் தீர்த்து விடைபெறுவது போலப் பேசுவது, "நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்பது, நீண்ட நாள் வாட்டத்துக்குப் பின் திடீரென்று காரணமில்லாத அமைதி ஆகியவை எல்லாம் நேராகக் கேட்க வேண்டிய அடையாளங்கள். "தம்பி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அப்படியே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பல பேருக்கு யாராவது கேட்டார்களே என்பதே ஒரு மூச்சு விடும் இடமாகிறது. ஆமாம் என்று சொன்னால் அறிவுரை வேண்டாம், அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்ற பேச்சும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். 999க்கும் அழைக்கலாம்.

போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாதவர்கள் முன்பு இருந்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. இப்போது அது குற்றம் அன்று. சிங்கப்பூரில் 2020 முதலே அப்படித்தான்.

இரவு இரண்டு மணிக்குப் பேச யாரும் இல்லை என்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-7627 2929 என்ற எண்ணில் அழைக்கலாம். நாள் முழுவதும் எடுப்பார்கள், பெயர் கேட்க மாட்டார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல எண் 15555. வீட்டில் அடி உதை இருந்தால் தாலியான் காசே 15999. ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் சிங்கப்பூரில் இருக்கும் நேரத்தில் சமாரித்தன்ஸ் அமைப்பை 1767இல் அழைக்கலாம்.

"எனக்கு ஒன்னும் இல்ல" என்கிறவரை

இதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமம். "உனக்கு மனநோய், வா டாக்டரிடம்" என்றால் யாரும் வர மாட்டார்கள். அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். "என்னங்க, ராத்திரி முழுக்கப் புரண்டுகிட்டே இருக்கீங்க, தூக்கத்துக்காவது ஒரு தடவை காட்டிட்டு வருவோமே" என்று மனைவி சொன்னால் வர வாய்ப்பு அதிகம். அப்பா பிள்ளை சொல்லிக் கேட்க மாட்டார், ஆனால் தன் அண்ணன் சொன்னால் கேட்பார் என்றால் பெரியப்பாவிடம் போகலாம். கோயில் தலைவர், பழைய மண்டோர், பள்ளி ஆசிரியர் என்று ஒவ்வொருவருக்கும் கேட்கக்கூடிய ஒரு வாய் இருக்கும். ஒரு முறை மறுத்தால் அடுத்த வாரம் மறுபடி, சண்டை இல்லாமல். வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் கிளினிக்குக்குப் போய் நிலைமையைச் சொல்லி வழி கேட்கலாம்.

சம்மதித்த நாளில் மைக்கார்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் உறை, எப்போது முதல் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிய குறிப்பு, இவை கையில் இருந்தால் போதும். காத்திருக்க வேண்டியிருக்கும், பசியாறிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அட்டையில் எழுதித் தந்த அடுத்த தேதியைச் சுவர் நாள்காட்டியில் வட்டமிட்டு, அன்றைக்கு அவரோடு போக யாருக்கு லீவு கிடைக்கும் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.